குருவி பூஜ்யம், பெரணி ஆயிரத்து எண்ணூற்று அறுபது

ஏப்ரல் 3, திங்கள்

ஒரு குருவியையும் ஒரு பெரணியையும் தராசில் வைத்து நிறுத்துத் தரச் சொல்கிறார்கள். முப்பத்திரண்டு வருடமாகக் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். இதைவிட அசட்டுத்தனமான ஒரு தாளை நான் கையில் வாங்கியதில்லை. அரியர் பிள்ளைகளின் விடைத்தாள்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

விஷயம் இதுதான். கடம்பாறையில் குடிதண்ணீர் இல்லை. மலைமேல் உட்கார்ந்துகொண்டு கீழிருந்து வரும் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிறோம். ஊருக்கு மேலே இரண்டு சோலைகள், இரண்டு ஓடைகள். ஏதாவது ஓர் ஓடையில் தடுப்பணை கட்டியாக வேண்டும். எதில் என்று முடிவு செய்ய ஒரு குழு போட்டு, என்னையும் அதில் இழுத்துவிட்டிருக்கிறார்கள். குதிரைக்கல் சோலையில் கட்டினால் சோலைச்சிட்டு போய்விடும். மூங்கில்வளைவுச் சோலையில் கட்டினால் என் சல்லாப் பெரணி போய்விடும்.

சோலைச்சிட்டை எல்லோருக்கும் தெரியும். நீல நிறம், நெற்றியில் வெள்ளைக் கோடு, நாளிதழ் காலண்டரில் ஏப்ரல் மாதத்தில் அச்சாகியிருக்கிறது. சல்லாப் பெரணியை இந்த உலகத்தில் ஏழெட்டுப் பேருக்குத் தெரியும். அதற்கு அந்தப் பெயரை வைத்ததும் நான்தான். பூக்காது, காய்க்காது. இலை ஒரே ஓர் உயிரணு அடுக்கு. பின்னால் செய்தித்தாளை வைத்தால் எழுத்துத் தெரியும். ஓடைச்சாரல் படும் ஒரே ஒரு பாறையில் நாற்பத்தொரு கொத்து இருக்கிறது. வேறெங்கும் நான் பார்த்ததில்லை. நான் தேடாத இடமும் இல்லை.

குழுத் தலைவருக்குத் திடீரென்று ஒரு ஞானோதயம். "ஆளாளுக்கு அவங்கவங்க பிள்ளையத்தான் தூக்கிப் பிடிப்பீங்க. அதனால மாத்தி எண்ணுங்க. பிலோமினா மேடம் குருவியை எண்ணட்டும், தணிகாசலம் சார் செடியை எண்ணட்டும். அப்பத்தான் நேர்மையா இருக்கும்" என்றார். மேசையைச் சுற்றி எல்லோரும் தலையாட்டினார்கள். பெரணியைச் செடி என்றார் என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

தணிகாசலம் தொலைபேசி இலாகாவில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பதினேழு வருடமாகக் குருவி பின்னால் அலைகிறார். கம்பத்தில் ஏறி முப்பது வருடம் லைனைக் காதில் வைத்துக் கேட்டவராம், அதனால் அவருக்குக் காது கூர்மையாம். கேட்காமலேயே சொல்வார்.

அந்தத் தாளில் பதினான்கு கட்டங்கள். கூட்டிப் பார்த்து, மதிப்பெண் குறைந்த சோலையில் அணை. எட்டாவது கட்டம்: "பொதுமக்களைக் கவரும் தன்மை (5 மதிப்பெண்)". குருவிக்கு அங்கேயே ஐந்து போட்டுவிட்டார்கள். பெரணிக்குக் கோடு.

ஏப்ரல் 4

குக்கர் அடிப்பிடித்துவிட்டது. விசில் கெட்டுப்போய்விட்டது. புதிதாக வாங்க வேண்டும்.

ஏப்ரல் 7, வெள்ளி

புனித வெள்ளி. கோவிலில் மைக் சரியில்லை. பாதர் என்ன படித்தார் என்றே தெரியவில்லை. ரெஜினாவிடம் சொன்னால், "நல்லாத்தானே கேட்டுச்சு" என்கிறாள். எதற்கெடுத்தாலும் எனக்கு எதிராகப் பேசுவது அவள் வழக்கம். தங்கை என்று ஒருத்தி வீட்டோடு இருந்தால் போதும், தனியாக எதிர்க்கட்சி தேவையில்லை. அவளும் சமீபகாலமாக வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறாள். என்னடி என்றால் உடனே ஊருக்கே கேட்கும்படி கத்துகிறாள். நடுவில் பேசத் தெரியாது.

சாயங்காலம் தணிகாசலம் வந்தார். நான் அவருக்குப் பெரணி சொல்லிக் கொடுக்க வேண்டும், அவர் எனக்குக் குருவி சொல்லிக் கொடுக்க வேண்டும். அது குழுவின் உத்தரவு.

உலர்த்தி ஒட்டிய மாதிரித் தாளைக் காட்டினேன். "இப்ப கோடை. தண்ணி இல்லாம சுருண்டு, காஞ்ச பாசி மாதிரிக் கிடக்கும். பச்சையா விரிஞ்சு நிக்கிறது எதுவும் இது இல்ல. நல்லா ஞாபகம் வச்சுக்கங்க" என்று மூன்று தடவை சொன்னேன். "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்றார். அவர் பார்வை என் ஜன்னலுக்கு வெளியே கொண்டைக்குருவிமேல் இருந்தது.

பிறகு கைபேசியை எடுத்து சோலைச்சிட்டின் பாட்டைப் போட்டார். மட்டமான கைபேசி. ஓடை இரைச்சல் மட்டும்தான் வந்தது. அவர் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். "எப்படி மேடம்?" என்றார். பிரமாதம் என்றேன். அவர் கைபேசியைக் குறை சொல்லி மனத்தைப் புண்படுத்துவானேன்.

ஏப்ரல் 11, செவ்வாய்

குதிரைக்கல் சோலை, முதல் நாள். அதிகாலை ஐந்தே முக்காலுக்குப் போய் நிற்க வேண்டும். ஓர் இடத்தில் பத்து நிமிடம் பேசாமல் நின்று, காதில் விழுந்த குரல்களைத் தாளில் குறிக்க வேண்டும். இப்படி ஒரு நாளைக்கு ஐந்து இடம், மூன்று நாள், மொத்தம் பதினைந்து. இந்தக் குருவி கண்ணில் படாதாம், புதருக்குள்ளேயே இருக்குமாம். கண்ணில் படாத ஒன்றுக்குக் கவரும் தன்மையில் ஐந்துக்கு ஐந்து!

எண்ணுகிறவர் தன் காதால் கேட்டதை மட்டும்தான் எழுத வேண்டும் என்று விதி. துணைக்கு வனக்காவலர் ராசப்பன். நல்ல மனிதர், ஆனால் அடக்கம் போதாது. நின்ற ஐந்து நிமிடத்துக்குள் கையைத் தூக்குகிறார். ஒதுங்கப் போக வேண்டும்போல என்று நினைத்து, போய் வா என்று சைகை காட்டினேன். ஒரு மாதிரி விழித்துவிட்டு அங்கேயே நின்றார். அடுத்த இடத்திலும் அப்படியே. நாற்பது வயதுக்கு இதெல்லாம் நல்லதில்லை, சர்க்கரை பார்க்கச் சொல்ல வேண்டும்.

அட்டை நான்கு கடித்தது. குருவி: பூஜ்யம்.

ஏப்ரல் 12

பூஜ்யம். ராசப்பன் இரண்டு தடவை கையைத் தூக்கினார். திரும்பும்போது, "அம்மா, மூணாவது எடத்துல..." என்று ஏதோ ஆரம்பித்தார். "நான் கேட்டத மட்டுந்தான் நான் எழுதணும் ராசப்பா, விதி" என்று நிறுத்திவிட்டேன். "நீங்க படிச்சவங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

ஏப்ரல் 13, வியாழன்

பதினைந்து இடங்களும் முடிந்தன. பதினைந்தும் பூஜ்யம். அங்கே குருவியே இல்லை.

உண்மையைச் சொல்ல இந்த நோட்டு ஒன்றுதான் இருக்கிறது: எனக்கு சந்தோஷம். வீடு வந்து காபி போட்டுக்கொண்டு, உட்கார்ந்து சந்தோஷப்பட்டேன். பதினேழு வருடமாக இல்லாத குருவிக்கு இவர் பஜனை பாடியிருக்கிறார்.

புது விசில் வாங்கியாயிற்று.

ஏப்ரல் 15, சனி

அழுத்தி எழுதியதில் பேனா முனை தாளைக் கிழித்துவிட்டது. கோபத்தில்தான்.

தணிகாசலம் மூங்கில்வளைவுக்குப் போயிருக்கிறார். போன நேரம் பகல் பதினொன்று! ராசப்பன்தான் சொன்னார். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டதற்கு, "பெரணி எங்கய்யா பறந்துறப் போகுது" என்றாராம். சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிவிட்டாராம். தாளின் நகல் இன்று வந்தது.

சல்லாப் பெரணி: 1,860 கொத்து.

ஆயிரத்து எண்ணூற்று அறுபது! இவ்வளவு கிடந்தால் எதற்குக் காப்பாற்ற வேண்டும் என்பார்கள். பச்சையாக விரிந்து நின்ற, ஊர்க் கிணறுகளிலும் சாக்கடை ஓரத்திலும் முளைக்கிற சாதாரணப் பெரணியை எண்ணியிருக்கிறார். சுருண்டு கிடந்த என் நாற்பத்தொன்றின் மேல் காலை வைத்து நின்றுகொண்டே எண்ணியிருப்பார். படிக்காதே என்று சொன்ன பாடத்தைப் படித்துவிட்டு வரும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அறுபது வயதில் ஒருவர் அப்படி வருவதை இப்போதுதான் பார்க்கிறேன்.

புது விசிலும் வேலை செய்யவில்லை. சாம்பார் கருகிவிட்டது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்.

ஏப்ரல் 18, செவ்வாய்

தணிகாசலம் வீட்டுக்கே வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பூஜ்யமா? மேடம், பூஜ்யமா? பதினேழு வருஷமா அங்க நின்னு கேட்டுக்கிட்டிருக்கேன். ஏப்ரல் மாசத்துல காலைல போனா வாயை மூடாதுங்க அது!"

"நீங்க கேட்டதை நீங்க எழுதுங்க. என் காதுல விழல."

"ராசப்பன் காதுல விழுந்திருக்கே."

"ராசப்பன் கணக்கெடுக்கலையே. அது இருக்கட்டும், ஆயிரத்து எண்ணூத்து அறுபது எதுங்க சார்? எங்க தெருச் சாக்கடையில நூறு இருக்கு, அதையும் சேத்துக்கங்க."

"பச்சையா இருந்துச்சு, பெரணி மாதிரி இருந்துச்சு, எண்ணினேன். காஞ்சு கெடக்கிறதப் போயி யாருங்க உசுரோட இருக்குன்னு எண்ணுவாங்க?"

"பச்சையா இருக்கிறத எண்ணாதீங்கன்னு மூணு தடவை சொன்னேன்!"

அவர் என்னையே பார்த்தார். குரலை இறக்கி ஏதோ சொன்னார். என்ன என்றேன். மறுபடியும் சொன்னார். என்ன என்றேன். ரெஜினா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். அவரும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை.

"காப்பி சாப்பிட்டுட்டுப் போங்கண்ணே" என்றாள் ரெஜினா. எதிரிக்குக் காபி கொடுக்கிற குடும்பம் எங்களுடையது.

அவர் போனபிறகு, "அக்கா, ஒரு தடவை வத்தலக்குண்டு போய்க் காதைக் காட்டிட்டு வந்திருவோமா?" என்றாள். என் காதுக்கு என்ன, உன் வாயைக் காட்டு முதலில் என்றேன்.

ஏப்ரல் 20, வியாழன்

விசிலைத் திருப்பிக் கொடுக்கப் பாத்திரக்கடைக்குப் போனேன். மெல்லிய குரலில் பேசினால் ஏமாற்றுவார்கள் என்று சற்று உரக்கவே பேசினேன். கடையில் நான்கைந்து பேர். கடைக்காரர் மறுபேச்சுப் பேசவில்லை. உள்ளேயிருந்து கேஸ் அடுப்பு, ஒரு குக்கர், அரை டம்ளர் தண்ணீர் எல்லாம் கொண்டுவந்து, என் விசிலை மாட்டி எல்லோர் முன்னாலும் பற்றவைத்தார். "நீங்களே பாருங்கம்மா" என்றார்.

பார்த்துக்கொண்டு நின்றேன். ஆவி சீறி மேலே வந்தது. உஸ்ஸென்று ஒரு காற்று மாதிரி ஏதோ கேட்டது, அவ்வளவுதான். வாசலில் இட்லித்தட்டு பார்த்துக்கொண்டிருந்த பெண் திடுக்கிட்டுத் திரும்பினாள். அவள் இடுப்பிலிருந்த குழந்தை இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அழுதது.

"சரியாப் போச்சா?" என்று கடைக்காரர் கேட்டார். அவர் வாய் அசைந்ததை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

விசிலைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 21

எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 24, திங்கள்

வத்தலக்குண்டு. மலைப்பாதை வளைவுகளில் எனக்கு எப்போதும் குமட்டும். இன்று குமட்டவில்லை, அதற்கும் மனம் இல்லை.

ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்தச் சொன்னார்கள். முதலில் கும் கும் என்று கேட்டது, அழுத்தினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. நான் காத்திருந்தேன். வெளியில் சோதனை செய்த பெண் எதையோ திருகிக்கொண்டிருந்தாள். வெகுநேரமாகியும் ஒன்றும் வராததால் கதவைத் திறந்து, "அடுத்ததை எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேன்.

"முடிஞ்சிருச்சும்மா" என்றாள்.

ஒரு வரைபடம் கொடுத்தார்கள். கோடு பாதிவரை சமதளமாக வந்து, பிறகு மலையிலிருந்து உருண்டதுபோல் கீழே போகிறது. பேச்சு ஓரளவு கேட்கும், கீச்சுக்குரல், விசில், பறவைகள் எதுவும் கேட்காது என்று மருத்துவர் சொன்னார். பறவைகள் என்று அவராகத்தான் சொன்னார். இது இன்றைக்கு நேற்றைக்கு வந்ததில்லை, பத்து வருடத்துக்கு மேல் இருக்கும் என்றும் சொன்னார். காதுக்கு அச்செடுத்துச் செய்ய வேண்டிய கருவி, வர மூன்று வாரமாகும்.

ரெஜினா பேருந்தில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். "சொன்னேனே" என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சண்டை போடவாவது வழி கிடைத்திருக்கும்.

ஏப்ரல் 26, புதன்

கணக்கு சுலபமானது. மே 2 குழு கூடுகிறது. நான் வாயைத் திறக்காவிட்டால் என் பூஜ்யம் அப்படியே நிற்கும். குருவி இல்லாத சோலையில் அணை வரும். என் நாற்பத்தொன்றும் பிழைக்கும். தணிகாசலத்தின் ஆயிரத்து எண்ணூறு உளறல் என்று நிரூபிக்கக்கூடத் தேவையிருக்காது.

என் காது விஷயம் வத்தலக்குண்டில் இரண்டு பேருக்கும் இந்த வீட்டில் இரண்டு பேருக்கும் மட்டுமே தெரியும்.

தாளின் கடைசிப் பக்கத்தில் "இரண்டையும் ஒப்பிட்டு ஒரு குறிப்பு எழுதுக" என்று பத்து வரி விட்டிருக்கிறார்கள். இன்று உட்கார்ந்து எழுதிப்பார்த்தேன். குருவி வருடத்துக்கு இரண்டு முட்டை இடும், அதில் ஒன்றைப் பாம்பு தின்னும். பெரணி லட்சக்கணக்கில் தூள்வித்து உதிர்க்கும், அதில் ஒன்றுகூட முளைக்காது. குருவிக்குத் தன் இடம் எது என்று ஊரைக் கூட்டிச் சொல்லத் தெரியும். பெரணிக்கு வாயில்லை. தண்ணீர் நின்றுபோனால் என் பெரணி சுருண்டு செத்ததுபோல் ஆறு மாதம் கிடக்கும். சாரல் பட்டதும் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்துகொள்ளும். குருவியால் ஒரு வருடம்கூடக் காத்திருக்க முடியாது. அதற்கு வயதே ஐந்தாறு வருடம்தான்.

இதுவரை எழுதிவிட்டு நிறுத்திவிட்டேன். இரக்கம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தேன். எனக்கே எரிச்சலாக வந்தது.

ஏப்ரல் 28

ராசப்பனைத் தேடிப் போய்க் கேட்டேன். எத்தனை தடவை கையைத் தூக்கினாய்?

"பதினஞ்சு எடத்துல ஒம்போது எடத்துல பாடுச்சும்மா. ஒரு எடத்துல நம்ம தலைக்கு நேர் மேல நின்னு கத்துச்சு. நீங்க என்னைய ஒதுங்கப் போகச் சொன்னீங்க."

"ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தேன். விதின்னீங்க."

அவர் சிரிக்கவில்லை. நானாக இருந்தால் சிரித்திருப்பேன்.

மே 2, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

எழுந்து நின்று, குதிரைக்கல் கணக்கைத் திரும்பப் பெறுகிறேன், எனக்குக் குருவிக் குரல் கேட்காது, இதோ மருத்துவச் சான்று என்று மேசையில் வைத்தேன். யாரும் எதுவும் பேசவில்லை, அல்லது பேசியது எனக்குக் கேட்கவில்லை. தலைவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா." தெரிந்தால்தானே சொல்ல முடியும் என்றேன். தாவரவியல் அம்மாளுக்குக் குருவியை எண்ணச் சொன்னது யார் யோசனை என்றும் கேட்டேன். அது அவ்வளவாக ரசிக்கப்படவில்லை.

தணிகாசலத்தின் பெரணிக் கணக்கும் தவறு என்றேன். "அதுக்கும் மெடிக்கல் சர்டிபிகேட் இருக்கா?" என்று ஒருவர் கேட்டார். சிலர் சிரித்தார்கள். தணிகாசலம் சிரிக்கவில்லை. குனிந்து தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் பூஜ்யத்தை அடித்துவிட்டு ராசப்பனின் ஒன்பதைப் போட்டுக் கூட்டினார்கள். குதிரைக்கல் 61, மூங்கில்வளைவு 34. அணை மூங்கில்வளைவில். 16ஆம் தேதி கையெழுத்து.

வெளியே வந்தபிறகு கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நேர்மையாக இருந்தால் மனம் லேசாகும் என்று பிள்ளைகளுக்கு எத்தனை வருடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பொய். கல்லைத் தூக்கி வைத்தமாதிரிதான் இருக்கிறது.

மே 9, செவ்வாய்

பாறையை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம், முடிந்தால் தூள்வித்து சேகரிக்கலாம் என்று அதிகாலையில் மூங்கில்வளைவுக்குக் கிளம்பினேன். சோலை முகப்பில் தணிகாசலம் நிற்கிறார். கையில் டார்ச், கழுத்தில் மப்ளர். ராசப்பன் சொல்லியிருக்க வேண்டும். இந்த மலையில் ரகசியம் என்று ஒன்று என் காதைத் தவிர வேறெதுவும் இருந்ததில்லை.

"தப்பா எண்ணினத சரியா எண்ணிட்டுக் கையெழுத்துப் போடலாம்னு வந்தேன்" என்றார். என் முகத்துக்கு நேராகத் திரும்பி, மெதுவாக, வாயைத் திறந்து பேசினார். யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ரெஜினாவாகத்தான் இருக்கும்.

பாறைக்குப் போனோம். சுருண்டு கறுத்துக் கிடந்த ஒரு கொத்தைக் காட்டினேன். "இதுவா? இதுமேல உக்காந்துதாங்க அன்னிக்குப் புளியோதரை சாப்பிட்டேன்" என்றார். அவரை அந்த ஓடையிலேயே தள்ளியிருப்பேன், ஆனால் அதில் தண்ணீர் கணுக்கால் அளவுக்குக்கூட இல்லை.

பாட்டிலிலிருந்து அரை மூடி தண்ணீரை அந்தக் கொத்தின்மேல் விட்டேன். "பாத்துக்கிட்டே இருங்க" என்றேன். பத்து நிமிடம். ஓரத்திலிருந்து மெல்ல விரிந்தது. பழுப்பு போய்ப் பச்சை வந்தது. டார்ச்சைப் பின்னால் பிடிக்கச் சொன்னேன், வெளிச்சம் ஊடுருவி வந்தது. அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குழந்தையின் தொட்டிலுக்குள் பார்ப்பதுபோல் பார்த்தார். "அடடா, செத்ததுன்னு நெனச்சேனே மேடம்" என்றார்.

எண்ண ஆரம்பித்தார். பதினொன்று, பன்னிரண்டு என்று விரல்விட்டுச் சொல்லிக்கொண்டே போனவர் பதின்மூன்றில் நின்றார். கையைத் தூக்கினார். ராசப்பன் தூக்கிய அதே மாதிரி.

இந்தத் தடவை நான் யாரையும் ஒதுங்கப் போகச் சொல்லவில்லை. அவர் முகத்தையே பார்த்தேன். கண்கள் பாறைக்கு மேலே இருந்த புதருக்குப் போயின. பிறகு இடப்பக்கம், ஓடைக்கு அந்தப் பக்கம். இரண்டு விரலைக் காட்டினார்.

"மேடம், இங்க ஜோடியா இருக்கு."

"எது?"

"சோலைச்சிட்டு. உங்க பெரணிக்கு மேலயே ஒண்ணு உக்காந்து பாடிக்கிட்டிருக்கு."

பகல் பதினொன்றுக்கு அது பாடாது. அதனால்தான் அன்றைக்கு அவருக்கும் தெரியாமல் போயிருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால், இத்தனை வருடங்களில் ஏன் இவர் இங்கே வரவேயில்லை? நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார், என்னைப் பார்க்காமல். எனக்காக மறுபடி திரும்பிச் சொல்ல வேண்டியிருந்தது, பாவம்.

"பத்து வருஷம் முன்னாடி உங்களுக்கு லெட்டர் போட்டேன், ஞாபகம் இருக்கா? மூங்கில்வளைவுல குருவி இருக்கான்னு. 'வாரம் தவறாமல் போகிறேன், அப்படி ஒன்றும் அங்கே இல்லை'ன்னு எழுதியிருந்தீங்க. வாரா வாரம் போறவங்க சொல்றாங்களேன்னு விட்டுட்டேன். என் மேப்புல இந்தச் சோலை வெள்ளையாத்தான் இருக்கு."

நாற்பத்தொன்றையும் சரியாக எண்ணி முடித்தார்.

மே 10, புதன்

பரண்மேலிருந்து பழைய கள நோட்டுகளை இறக்கினேன். ரெஜினா ஏணியைப் பிடித்துக்கொண்டு, விழுந்து வைக்காதே என்று கத்தினாள். அவள் கத்துவதற்குக் காரணம் தெரிந்தபிறகு அவளைத் திட்டவும் முடியவில்லை.

தேடியது கிடைத்தது. தேடாததும் கிடைத்தது. அப்படியே இங்கே எடுத்தெழுதுகிறேன்.

1998 ஏப்ரல் 19 (பெரணியை முதன்முதலில் கண்ட நாள்): "காலை 6.10. கிழக்குப் பாறை. இலை ஓர் அடுக்கு!! ஒரு குருவி விடாமல் கத்துகிறது, எரிச்சல்."

1998 மே 3: "அதே குருவி. இரண்டிரண்டாக ஏறிப்போய்க் கடைசியில் தாழ்ப்பாள் கிறீச்சிடுவதுபோல் முடிக்கிறது. வரையவிடாமல் உயிரை வாங்குகிறது."

2001 ஏப்ரல் 8: "குருவி."

2004 ஏப்ரல் 25: "இரண்டு குருவிகள். ஒன்று போதாதென்று."

2007 மே 6: "குருவி, தூரத்தில்."

2010 ஏப்ரல் 11: "குருவி? நிச்சயமில்லை."

2012 ஏப்ரல் 22: "குருவித் தொல்லை ஒழிந்தது. எங்கோ போய்விட்டது. நிம்மதியாக வேலை ஓடியது."

அதற்குப் பிறகு பதினோரு வருட நோட்டுகளில் குருவி என்ற சொல்லே இல்லை.

அன்றைக்கு எனக்கு நாற்பத்தேழு வயது. நிம்மதி என்று எழுதியிருக்கிறேன். என் கையெழுத்துத்தான்.

மே 16, செவ்வாய்

நோட்டுகளை எடுத்துப்போய்க் குழுவில் வைத்தேன். வரிகளை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். "எரிச்சல்", "உயிரை வாங்குகிறது" எல்லாவற்றையும். தாழ்ப்பாள் வரி வந்ததும் தணிகாசலம் எழுந்து, "அதேதாங்க. இதைவிடச் சரியா யாரும் எழுதினதில்ல" என்றார். பிறகு தன் 1,860ஐ அடித்து 41 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "அது என் தப்பு. நான் பகல் பதினொண்ணுக்குப் போனேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபப்பட இனி எதுவும் மிச்சமில்லை. அதுவும் ஒரு நஷ்டம்தான்.

தலைவர் பேனாவை மேசைமேல் போட்டார். குருவியை வைத்து ஒரு சோலை, பெரணியை வைத்து ஒரு சோலை என்று பிரித்த தாள் அது. இரண்டும் ஒரே பாறையில் இருந்தால் எந்தக் கட்டத்தில் போடுவது என்று அதில் இல்லை. அடுத்த கோடையில் மறு கணக்கெடுப்பு, அதுவரை இரண்டு ஓடையிலும் யாரும் கைவைக்கக் கூடாது என்று எழுதினார்கள். இந்தத் தடவை அவரவர் பிள்ளையை அவரவர் எண்ணலாமாம். ஒரு வருடம் கிடைத்திருக்கிறது. ஒரு வருடம்தான்.

அதுவரை லாரித் தண்ணீர். வீடு வந்ததும் ரெஜினா ஆறு காலிக் குடங்களைக் காட்டி, "உன் பெரணிக்குப் புண்ணியமாப் போகட்டும்" என்றாள். கோபமா கேலியா தெரியவில்லை. இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு நானே வரிசையில் நின்றேன்.

மே 18

காதுக்கருவி வந்துவிட்டது. குக்கர் விசில் அடித்தது. கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். ரெஜினா கத்த வேண்டியதில்லை என்று தெரிந்தும் பழக்கத்தில் கத்துகிறாள். கதவுகள், செருப்புகள், பிளாஸ்டிக் பை, எல்லாம் சத்தம் போடுகிறது. இத்தனை சத்தத்துக்கு நடுவில் நீங்கள் எல்லோரும் எப்படித்தான் குடித்தனம் நடத்தினீர்களோ.

மே 21, ஞாயிறு

முதல் பூசைக்குப் போகாமல் பாறைக்குப் போனேன். கடவுள் பொறுத்துக்கொள்வார், ரெஜினாதான் பொறுக்கமாட்டாள். தனியாகத்தான் போனேன். முதலில் ஓடை கேட்டது, பிறகு என் சேலை உரசுவது, பிறகு எங்கோ ஒரு பூச்சி. பெரணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன். நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டேன்.

தலைக்கு மேலே அது ஆரம்பித்தது. இரண்டிரண்டாக ஏறிப்போய், கடைசியில் அந்தத் தாழ்ப்பாள். மறுபடி முதலிலிருந்து. மறுபடி. மூச்சுவிட ஓர் இடைவெளிகூட இல்லாமல் அதையே. சனியனே, ஒரு நிமிடம் வாயை மூடேன் என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். இருபத்தைந்து வருடம் முன்பு சொன்ன அதே சொல்தான் என்று பிறகுதான் உறைத்தது. கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க நனைந்துகொண்டே இருந்தது.

கள நோட்டில் எழுதினேன்:

காலை 6.20. கிழக்குப் பாறை. பெரணி 41. ஒரு குருவி விடாமல் கத்துகிறது.